வீட்ல சொல்லிடுவேன்

பள்ளிக்கூடத்தில் நடக்கிற சைபர் விழிப்புணர்வு முகாம் எதிலாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் பதினோரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள். ஏழெட்டு முகாம் பார்த்திருப்பேன். ஆள் மாறுவார், பேச்சு மாறாது. பிள்ளைகளைப் பிரேயர் ஹாலில் தரையில் உட்கார வைப்பார்கள், பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மைக் கரகரக்கும். வந்த அதிகாரிக்குச் சால்வை போட்டு முடிக்கவே கால் மணி நேரம் போய்விடும். அப்புறம் அவர் பெண்கள் பக்கமாகத் திரும்பி ஆரம்பிப்பார். டிபியில போட்டோ வைக்காதீங்கம்மா. தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா எடுக்காதீங்க. செல்ஃபி எடுத்து யாருக்கும் அனுப்பாதீங்க. உங்க அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

பையன்கள் பக்கம் திரும்பவே மாட்டார். என் நினைவில் ஒரே ஒருவர் திரும்பினார். அதுவும் "டேய், அங்க என்னடா சத்தம்" என்று கேட்பதற்காக.

கடைசியில், "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க." ஒரு கை உயராது. எப்படி உயரும்? முந்நூறு பேர் நடுவில், பிரின்சிபால் பார்த்துக்கொண்டிருக்க, எந்தப் பிள்ளை எழுந்து நின்று "எனக்கு இது நடக்குது சார்" என்று சொல்லும்? கை உயராததைப் பார்த்து, நம்ம ஸ்கூலில் அந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை என்று நாங்கள் நிம்மதியாக முடிவு செய்வோம். சாயங்காலம் முகாம் போட்டோவைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவோம். போட்டோ போடாதீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களின் முகமும் அதில் தெளிவாகத் தெரியும்.

இந்த முகாம்களில் ஒருவரும் பேசாத ஒன்று உண்டு. பிள்ளைகளை இணையத்தில் மிரட்டுகிறவன் எதை வைத்து மிரட்டுகிறான்? போட்டோ என்பீர்கள், மார்ஃபிங் என்பீர்கள். அதெல்லாம் இரண்டாவது. என்னிடம் வந்து அழுத பெண்கள் காட்டிய எல்லா சாட்டிலும் ஏதோ ஓரிடத்தில் ஒரே வரி இருந்தது: வீட்ல சொல்லிடுவேன். உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன். உங்க அண்ணன் நம்பர் என்கிட்ட இருக்கு.

அது மிரட்டலாக வேலை செய்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒரு பொறுக்கியைவிட அந்தப் பிள்ளைக்குத் தன் அப்பாவைப் பார்த்தால் பயம் அதிகம் என்று அர்த்தம். அவன் கையில் இருக்கிற ஆயுதமே நாம்தான். பெற்றவர்கள், ஆசிரியர்கள், அண்ணன்மார், மாமாக்கள். பிள்ளைகளை இணையத்திலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று கூட்டம் போடுகிற நாம், அந்த வேலையை நம்மிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்வதே இல்லை.

2016 ஜூன் மாதம் சேலம் பக்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இருபத்தொரு வயதுப் பெண், கெமிஸ்ட்ரி படித்தவர். அவருடைய முகத்தை வேறு உடலில் ஒட்டி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. போலீஸ் இழுத்தடித்தது, புகாரைக் கவனிக்க ஒரு போலீஸ்காரர் செல்போன் லஞ்சம் வாங்கினார் என்று செய்தி வந்தது. இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் லஞ்சத்தைப் பற்றிப் பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் அவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தில் போலீஸைப் பற்றிய கோபத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. நான் யாருக்கும் போட்டோ அனுப்பவில்லை, என் அப்பா அம்மாவே என்னை நம்பவில்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. புகார் கொடுக்கப் போனவர்கள், அலைந்தவர்கள். நம்மில் யாராக இருந்தாலும் முதலில் வாயில் வரக்கூடிய கேள்விதான் அங்கேயும் வந்திருக்கும்: "நீ அனுப்பாம எப்படிம்மா வரும்?" அந்தக் கேள்வி எவ்வளவு சாதாரணமானது என்பதுதான் பயங்கரம்.

பொள்ளாச்சியும் இதே கணக்கில் ஓடியதுதான். வீடியோ எடுத்தவர்கள் வருஷக்கணக்கில் தைரியமாக இருந்ததற்குக் காரணம், எந்தப் பெண்ணும் வீட்டில் சொல்ல மாட்டாள் என்ற உறுதி. 2019இல் ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். உடனே மாவட்டக் காவல் அதிகாரி அவருடைய பெயரைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், அரசாணையிலும் பெயர் அச்சானது. உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அதை முடியவைக்க எவ்வளவு பேர் கூட நின்றிருக்க வேண்டும்!

சரி, இதெல்லாம் பெரிய வழக்குகள். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். ஒரு ஸ்டிக்கர்.

2021, இரண்டாவது அலை. ஒன்பதாம் வகுப்புக்குக் கூகுள் மீட்டில் பாடம். கேமரா ஆன் பண்ணினால்தான் அட்டெண்டன்ஸ் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. நானும் விடாப்பிடியாக "கேமரா ஆன், கேமரா ஆன்" என்று கத்துவேன். ஒரு பையன் எப்போதும் ஆஃப்பிலேயே இருப்பான். ஒருநாள் பேரைச் சொல்லித் திட்டினேன். ஆன் பண்ணினான். ஒரே ரூம் வீடு. பின்னால் கொடியில் துணி, பக்கத்தில் கேஸ் சிலிண்டர், தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கண் மூடி, வாய் திறந்து ஏதோ சொல்ல வந்த நிமிஷத்தில் நெட்வொர்க் உறைந்துபோனது. அந்த முகத்தை ஒருவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. மேலே "நெட்வொர்க் போச்சு மிஸ்" என்று எழுதி.

வகுப்பு குரூப்பில் சுற்றியது, பக்கத்து செக்‌ஷனுக்குப் போனது, டியூஷன் குரூப்புக்குப் போனது. ரெண்டு வாரத்தில் எங்கள் ஸ்டாஃப் குரூப்புக்கு வந்தது. பிரின்சிபால் நாலு மணிக்கு மீட்டிங் என்று போட, ஒரு சார் அந்த ஸ்டிக்கரைப் பதிலாக அனுப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற எமோஜி ஒன்று போட்டேன். யார் முகம் என்று அப்போது கவனிக்கவில்லை. கட்டைவிரல் அளவுப் படம், யாரோ யூடியூப் பையன் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. அவன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா லோடுமேன். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். "போனால வந்த வினை மிஸ். யாரோ இவனைக் கிண்டல் பண்ணாங்களாம், ஒரு மாசமா சாப்பிடல, தூங்கல. நான் என்ன பண்ணேன், போனைப் பிடுங்கி வித்துட்டேன். இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல." பையன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மெதுவாகச் சொன்னான்: "எல்லார்கிட்டயும் இருக்கு மிஸ். என்கிட்ட மட்டும்தான் இல்ல."

போனைப் பிடுங்குவதைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பா செய்தது அன்பினால்தான். ஆனால் என்ன நடந்தது? ஸ்டிக்கர் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, அவனுக்குத் தெரியாமல் போனது மட்டும்தான் மிச்சம். அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்க்கவும் வழியில்லை, கூட நின்ற ஒன்றிரண்டு நண்பர்களோடு பேசவும் வழியில்லை, பாடமும் போச்சு. கேலி செய்தவனின் போனில் சார்ஜ் நூறு சதவீதம். இதில் தண்டனை யாருக்கு?

பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடூரமானது. பையனுக்குப் போன் போகும். பெண்ணுக்குப் போனோடு டியூஷன் போகும், தோழி வீட்டுக்குப் போவது நிற்கும், பிளஸ் டூவுக்கு அப்புறம் காலேஜ் என்ற பேச்சு நிற்கும், சில வீடுகளில் ஜாதகம் வெளியே வரும். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "மிஸ், அவன் போட்டோ போட்டா நாலு நாள் அசிங்கம். வீட்டுக்குத் தெரிஞ்சா வாழ்க்கையே போயிடும்." பதினாறு வயதில் அவள் போட்ட கணக்கு தப்பே இல்லை. அவள் வீட்டை அவளைவிட நான் நன்றாக அறிந்தவள் இல்லையே. இந்தக் கணக்கை மாற்றாமல், "எதுவா இருந்தாலும் அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க" என்று மைக்கில் சொல்வது வெறும் சத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. அந்தப் போனை அவர்கள் கையில் கொடுத்தது யார்? 2020இல் பள்ளிக்கூடங்கள்தான் கொடுக்கச் சொன்னோம். கடன் வாங்கி, நகையை வைத்து, வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கியது நாங்கள். எந்தப் பழக்கமும் சொல்லிக்கொடுக்காமல் பதிமூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு குரூப்பில் போட்டு, அட்மினாக இருந்துகொண்டு, ஹோம்வொர்க் மட்டும் அனுப்பினோம். அதே குரூப்பில் மார்க் லிஸ்ட்டைப் பெயரோடு போட்டவர்களும் நாங்கள்தான். ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலையும்கூட. பொதுவில் ஒருவரை அசிங்கப்படுத்தலாம் என்ற முதல் பாடம் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. பிறகு அவர்கள் எங்களைச் சேர்க்காமல் தனியாக ஒரு குரூப் தொடங்கியதில் என்ன ஆச்சரியம்?

இதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். அரசு சுற்றறிக்கையில் "இணையவழித் துன்புறுத்தல்" என்று வரும். எந்தப் பிள்ளையாவது "மிஸ், என்னை இணையவழியில் துன்புறுத்துகிறார்கள்" என்று சொல்லுமா? பிள்ளைகளிடம் இருக்கிற சொற்கள் கலாய்க்கிறது, ஓட்டுறது, வெச்சு செய்யுறது, பங்கம் பண்றது. கவனித்துப் பாருங்கள், எல்லாமே செய்கிறவன் பக்கத்துச் சொற்கள். எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்கிறவன் தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால், அடித்தவனின் சொல்லைக் கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டும். "கலாய்ச்சாங்க மிஸ்." கேட்கிறவர் என்ன சொல்வார்? "அதுக்குப் போயா அழுவ? ஜாலியா எடுத்துக்கோ." முடிந்தது.

ராகிங்குக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. சீனியர் ஜூனியர் ஜாலி, ஆம்பளைன்னா தாங்கிக்கணும், ரெண்டு மாசத்துல ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுவீங்க. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகுதான் ஊரே விழித்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் அந்தச் சொல்லைச் சொன்னாலே கல்லூரி நிர்வாகம் நிமிர்ந்து உட்காரும். நிற்காமல் நடக்கிறது என்பது வேறு விஷயம், ஆனால் "சும்மா ஜாலிக்கு" என்று இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. கலாய்ப்புக்கு அந்த நிலை வர இன்னொரு பிள்ளையின் உயிர் வேண்டுமா?

நாம் எல்லோரும் கவுண்டமணி செந்திலை உதைப்பதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள், நானும்தான், இன்னும் சிரிக்கிறேன். படத்தில் செந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒன்பதாம் வகுப்பில் உதை வாங்குகிறவன் மறுநாளும் அதே பெஞ்சுக்கு வர வேண்டும். நிறத்தை, உடம்பை, பேச்சை, அப்பாவின் வேலையை, சில சமயம் நேரடியாகச் சாதியை வைத்து நடக்கிற கேலிக்கு நம் மீம் பக்கங்கள் தினமும் டெம்ப்ளேட் சப்ளை செய்கின்றன. இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் அந்தப் பக்கங்களுக்கு லைக் போடுகிறவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எமோஜி போட்டவள்தான் சொல்கிறேன்.

அந்த எமோஜி ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குக் காரணம் பின்லாந்தில் இருக்கிறது. டுர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற உளவியலாளர். 1996இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். வகுப்பில் கேலி நடக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கேலி செய்கிறவன் ஒருவன். கூடச் சேர்ந்துகொள்கிறவர்கள் சிலர். கையைக்கூட அசைக்காமல் சிரித்து ஊக்கம் கொடுக்கிறவர்கள் சிலர். ஒதுங்கிப் போகிறவர்கள், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிறவர்கள். கேலி செய்கிறவனுக்கு வேண்டியது அழுகை இல்லை, பார்வையாளர்கள், அவர்கள் நடுவில் ஒரு அந்தஸ்து என்பது அவருடைய வாதம். சிரிப்பு நின்றால் பாதி ஆட்டம் நின்றுவிடும்.

இதை அடிப்படையாக வைத்து கிவா என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: புகார் வந்தால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பண்ண மாட்டார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையோடு தனியாகப் பேசுவார்கள். செய்தவர்களோடு தனித்தனியாகப் பேசுவார்கள். அதோடு வகுப்பில் எல்லோரும் மதிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவனுக்குத் துணையாக நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்ததும், ஸ்டிக்கர் செய்தவனையும் அவனையும் ஸ்டாஃப் ரூமில் நிற்க வைத்து, "கை குலுக்குங்கடா, இனிமே ஃப்ரெண்ட்ஸ்" என்றோம். அழகாகக் குலுக்கினார்கள். மறுநாள் புது ஸ்டிக்கர் வந்தது. இரண்டு கார்ட்டூன் கைகள் குலுக்குகின்றன, நடுவில் அவன் முகம். அரையாண்டுக்கு முன்னால் டிசி வாங்கிக்கொண்டு போனான். ஸ்டிக்கர் செய்தவன் ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்தான், நல்ல குரல் அவனுக்கு.

டிசி. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் கடைசி மருந்து அதுதான். செய்தவனுக்குக் கொடுத்தால் அவன் அடுத்த பள்ளியில் செய்வான். பெரும்பாலும் போவது பாதிக்கப்பட்டவன்தான். கனடாவில் அமாண்டா டாட் என்ற சிறுமியின் கதை இணையத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். முகம் தெரியாத ஒருவன் வெப்கேம் படத்தை வைத்து மிரட்டினான். அவள் பள்ளி மாறினாள், படம் பின்னாலேயே வந்தது. மறுபடி மாறினாள், அங்கேயும் வந்தது. கையால் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தன் கதையை வீடியோவாகப் போட்டாள். 2012 அக்டோபரில் இறந்தபோது வயது 15. மிரட்டியவன் நெதர்லாந்தில் இருந்தவன். கனடா நீதிமன்றத்தில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022இல். பத்து வருஷம். பள்ளி மாற்றினால் தீரும் என்று நினைக்கிற ஒவ்வொரு பிரின்சிபாலும் அந்தச் சிறுமியின் வீடியோவை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

"சொல்லு, சொல்லு" என்கிறோமே, சொன்னவனுக்கு என்ன நடக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்குநேரி இணையத்தில் நடந்தது இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் அங்கே நடந்ததைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போனில் பார்த்தார்கள். சாதியைச் சொல்லித் தொல்லை தாங்காமல் பிளஸ் டூ படித்த பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஆசிரியர்கள் கேட்டார்கள், சொன்னான், புகார் ஆனது. அன்று இரவே சக மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், 2024இல் அறிக்கை வந்தது, கையில் கட்டும் கயிறு பற்றி ஒரே விவாதம். என் கவலை வேறு. சொன்ன பிள்ளையைச் சொன்ன நிமிஷத்திலிருந்து பாதுகாப்பது யார் வேலை என்று எந்த ஸ்டாஃப் ரூமிலாவது முடிவு செய்திருக்கிறார்களா? யார் சொன்னது என்று மறுபக்கத்துக்குத் தெரியாமல் விசாரிக்க எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? "இவன்தான் உன்மேல கம்ப்ளெயின்ட் கொடுத்தான்" என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியா கணக்கே கூடாது என்று 2025 டிசம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. இங்கேயும் அப்படி வந்தால் நல்லது என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் மாணவனின் ஸ்டிக்கர் இன்ஸ்டாகிராமில் வரவில்லை, ஹோம்வொர்க் வருகிற குரூப்பில் வந்தது. அப்பா பெயரில் கணக்கு, அம்மாவின் போன், தம்பியின் கை, இதுதான் நம் வீடு. இதில் வயதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வரிசை முக்கியம். பிள்ளை வந்து சொன்னதும் வாயில் வருகிற முதல் கேள்வியை விழுங்குங்கள். ஏன் அனுப்பின, எதுக்கு அவன்கூடப் பேசின, எத்தனை நாளா நடக்குது, இது எதுவும் அன்றைக்கு வேண்டாம். "சொன்னது நல்லதாப் போச்சு, பாத்துக்கலாம்" என்பது போதும். சாப்பிட வையுங்கள். அவமானத்தில் செத்துவிடலாம் என்று பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள், 14416க்கு டெலி மானஸில் கூப்பிட்டுப் பேசலாம். அப்புறம் ஆதாரம்: கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். மிரட்டுகிறவனுக்குப் பதில் அனுப்பாதீர்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் இன்னும் கேட்பான்.

ஒரு எச்சரிக்கை, இதில் நல்லவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஆபாசமான படம், அதில் இருப்பது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், "பாருங்க என்ன அநியாயம்" என்று அதைப் பெற்றோர் குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணுவதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவும், போக்சோவும் இருக்கின்றன. அப்படிப்பட்ட படங்களைப் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. ஆகவே பிரதி எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு 1930க்கோ, சைபர் க்ரைம் இணையதளத்திலோ புகார் கொடுங்கள். அதில் பிள்ளைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். 1098 எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளியில் நடக்கிற தொல்லைக்கு 14417 இருக்கிறது, பிள்ளையே கூப்பிடலாம்.

படத்தை நீக்க வழியே இல்லை என்று நினைத்துத்தான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். வழி உண்டு. அந்தரங்கப் படமோ மார்ஃபிங் படமோ வந்தால், சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த விதிகளே கம்பெனிகளுக்குச் சொல்லியிருந்தன; 2026இல் அந்த அவகாசத்தை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். டேக் இட் டவுன் என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்தை நாம் அவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். நம் போனிலேயே அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் உருவாக்கி எடுத்துக்கொள்ளும், சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். பெரியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ இருக்கிறது. இதை ஒரு முகாமிலாவது சொன்னார்களா? சால்வைக்கு நேரம் இருந்தது.

இதைப் படிக்கிற பலர் இன்னும் அப்பா அம்மா ஆகாதவர்கள். அதனால் உங்களிடம்தான் முதலில் வருவார்கள். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் சித்தியிடம், பெரியப்பா பையனிடம், மாடி வீட்டு அக்காவிடம்தான் சொல்வார்கள். "அக்கா, ஒரு ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அந்த ஃப்ரெண்ட் யார் என்று கேட்காமல் கேளுங்கள்.

வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம், பெற்றோர் கூட்டத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். பிரின்சிபாலிடம் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி டைப் பண்ணி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். இணையத்தில் ஏதாவது பிரச்சினை என்று நீ வந்து சொன்னால், உன்னை அடிக்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன். கீழே பெற்றோர் கையெழுத்து. தாள் பிள்ளையிடம் இருக்க வேண்டும், எங்களிடம் இல்லை.

அம்மாக்கள் சட்டென்று போட்டார்கள். சிலர், "இவங்க அப்பா ஒத்துக்க மாட்டாரே மிஸ்" என்று தாளை மடித்துப் பையில் வைத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர், தாளை ரொம்ப நேரம் வைத்திருந்தார். எட்டாவது படிக்கிற மகள் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். பேனா கேட்டார். மூன்றாவது வரியை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இது மட்டும் யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்றார். தாளை மகளிடம் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து ஜாமென்ட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.